வெறும் வயிற்றில்

...நிற்கிறானாம், காலையில் பாதிரியார் வந்து போனதிலிருந்து ஒரு நிமிடம்கூட உட்காரவில்லையாம், எப்பேர்ப்பட்ட ஆள் பார் என்று ராட்மிலா கூடத்தில் எல்லோருக்கும் எடுத்துச் சொல்வது அடுப்படி வரைக்கும் கேட்கிறது, அவளுக்கென்ன, தம்பிப் பெருமை, என் தம்பி அப்படியே எங்க அப்பாதான், ஸ்லாவா அன்னிக்கு நாற்காலியைத் தொடவே மாட்டான் என்கிறாள். ஆமாம், என் புருஷன் வுகாஷின் தொட மாட்டான். குலப்புனிதருக்கு ஸ்லாவா விழா எடுத்து மெழுகுவர்த்தி ஏற்றிய நாளில் வீட்டுத்தலைவன் உட்காரக் கூடாது, விருந்தாளிகளுக்குப் பின்னால் நின்று குவளைகளை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும், புனிதர் நிக்கோலா அவனுடைய புனிதர், அவனுடைய அப்பாவின் புனிதர், மெழுகுவர்த்தியும் அவனுடையது, பெருமையும் அவனுடையது. நான் முந்தாநாளிலிருந்து இந்த அடுப்புக்கும் அந்த மேசைக்கும் நடுவில் நிற்கிறேனே, இதற்கு என்ன பெயர்? நிற்பது என்று பெயர் இல்லை போலிருக்கிறது. கல்யாணம் ஆன அன்றைக்கே என் அப்பாவின் புனிதர் எனக்கு அந்நியராகிவிட்டார், அவருடைய நாளில் என் அண்ணன் வீட்டுக்கு நான் வெறும் விருந்தாளி, இங்கே இவருடைய நாளில் வேலைக்காரி, ஆக எந்தப் புனிதருக்கும் என்னைத் தெரியாது... கெண்டை மீன் தீய்கிறதா? இல்லை, உள்ளே திணித்த உலர்ந்த பிளம் பழம்தான் ஓரத்தில் கருகுகிறது, கருகட்டும், அதற்கு இனிமேல் கறுக்க என்ன இருக்கிறது.

கறுப்பு என்றதும் வந்துவிட்டது பார் மனசு அங்கேயே. சற்று முன்னால் கழிவறைக்குப் போனேன், பார்க்கக் கூடாது, தண்ணீரை இழுத்துவிட்டு வந்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டேதான் போனேன், பார்த்தேன். கறுப்பு. சாலை போடும்போது ஊற்றுவார்களே, அந்தத் தார் மாதிரி, பளபளப்பாக, ஒட்டிக்கொண்டு, நாற்றம்கூட வழக்கமான நாற்றம் இல்லை. முந்தாநாளும் இப்படித்தான். நேற்றும். பிளம் பழம்தான், வேறென்ன, கிறிஸ்துமஸ் நோன்பில் இறைச்சி இல்லை, பால் இல்லை, முட்டை இல்லை, ரொட்டியும் பிளம் பழம் வேகவைத்த தண்ணீரும் கறுப்புக் கசகசா வைத்த சுருள் ரொட்டியும்தான் உள்ளே போகிறது, பிறகு வெள்ளையாகவா வெளியே வரும்? இந்த ஊரில் நோன்பு மாதத்தில் யாருக்குத்தான் கறுப்பாகப் போகவில்லை? பிசெர்காதான் சொல்வாளே, எதிர் வீட்டு பிசெர்கா, நோன்புல எல்லாருக்கும் கறுப்புதான்டீ, வருஷத்துப் பாவம் பூரா வெளியே வருது, உனக்குக் கொஞ்சமாத்தான் வரும், எனக்குத்தான் ஒரு வாரம் ஆகும் என்று, சொல்லிவிட்டு அவளே வயிறு குலுங்கச் சிரிப்பாள், நானும் சிரிப்பேன். இவ்வளவு நாளும் சிரித்தேன்தானே. ஆனால் நேற்று நான் பிளம் பழம் சாப்பிட்டேனா? யோசித்துப் பார்க்கிறேன்... முட்டைகோஸ் இலைக்குள் அரிசி வைத்துச் சுருட்டினேன், பீன்ஸ் வேகவைத்தேன், கோதுமையை அரைத்துச் சர்க்கரை போட்டுப் பிசைந்தேன், வாயில் எதைப் போட்டேன்? உப்பு பார்த்தேன். அவ்வளவுதான். மாத்திரை போட்டேன், அதற்குத் தண்ணீர் குடித்தேன். அப்படியானால் எந்தப் பழம்?

அந்த மருந்துக்கடைப் பெண் நேராகவே கேட்டாள், இன்று காலையில், கடை திறந்ததும் ஓடினேன், முட்டி வலி மாத்திரை தீர்ந்துவிட்டது, அது இல்லாமல் இன்றைக்கு இந்த இருபது பேருக்கு யார் பரிமாறுவது, நின்றேன், எனக்குப் பின்னால் பிசெர்கா, அவளுக்குப் பின்னால் பாதித் தெரு. ஐபுபுரோஃபேன் ஒரு பெட்டி கொடு என்றேன். எடுத்து வைத்தாள், ஆனால் கையை எடுக்கவில்லை, பெட்டி மேலேயே வைத்துக்கொண்டு, போன வாரம்தானே வாங்கிட்டுப் போனீங்க, அம்மா, ஒரு நாளைக்கு எத்தனை போடுறீங்க என்றாள். வலிக்கும்போது போடுவேன் என்றேன். எப்போ வலிக்கும்? எப்பவும்தான். சாப்பிட்ட பிறகுதானே போடுறீங்க? நோன்பு, பொண்ணே, என்றேன், வரிசையில் யாரோ சிரித்தார்கள், என் பக்கம் நின்று சிரித்தார்கள், எனக்குக்கூட நன்றாக இருந்தது. அவள் சிரிக்கவில்லை. வேற மாத்திரை ஏதாவது? ஒண்ணும் இல்லை என்றேன். பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை, சத்தியமாக, அந்த நேரத்தில் ஒன்றும் இல்லை என்றுதான் தோன்றியது, மருந்துக்கடையில் வாங்குவதுதானே மாத்திரை, டாக்டர் இதயத்துக்கென்று தினமும் போடச் சொன்ன அந்தச் சின்ன ஆஸ்பிரின் டாக்டருடையது, ராட்மிலா வியன்னாவிலிருந்து கொண்டுவந்தது அன்பளிப்பு, பிசெர்கா காப்பியோடு கொடுப்பது காப்பியோடு சேர்ந்தது... அவள் விடவில்லை, குரலைத் தாழ்த்தக்கூடத் தெரியாத வயது, இதெல்லாம் ஒரே குடும்பம்மா, பேர்தான் வேற, ரெண்டு சேர்த்துப் போட்டா வயித்தைத்தான் அரிக்கும், வெறும் வயித்துல போடவே கூடாது, சாராயத்தோட கூடாது, ஆஸ்பிரின் போடுறவங்க டாக்டரைக் கேட்காம இதைத் தொடவே கூடாது, மலம் கறுப்பா போகுதா உங்களுக்கு? அப்படிப் போச்சுன்னா காத்திருக்காதீங்க, உள்ளே ரத்தம் கசியுதுன்னு அர்த்தம், நேரா ஆஸ்பத்திரி. அவள் கேட்டது எல்லோருக்கும் கேட்டது. பிசெர்காவின் மூச்சு என் கழுத்தில் படுகிறது. நான் என்ன சொல்வேன், ஸ்லாவா அன்றைக்குக் காலையில், ரொட்டிக் கடைக்காரன் மனைவி, தபால்காரர், எல்லோரும் நிற்கும்போது, ஆமாம் மகளே, எனக்குத் தார் மாதிரி போகிறது என்றா? இல்லை என்றேன். பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தேன். வெளியே வந்ததும் பிசெர்கா, என்னடி அவ, மலத்தைப் பத்திக் கேட்கறா, நேத்துப் படிச்சுட்டு வந்தவ என்றாள், நானும் ஆமாம் என்றேன்.

ஒரே குடும்பமாம். நம் வீட்டுக் கைப்பைகளை அவள் பார்த்திருக்க வேண்டும். இந்தச் சாச்சக் நகரத்தில் எந்தப் பெண்ணின் கைப்பையைத் திறந்தாலும் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, மாத்திரை அட்டை இருக்கும், காப்பிக்குக் கூப்பிட்டால் காப்பியோடு சேர்த்து உங்கள் வலியையும் விசாரிப்பார்கள், விசாரித்த கையோடு ஒன்றைப் பிதுக்கிக் கொடுப்பார்கள், வேண்டாம் என்றால் மனம் நோகும், சர்க்கரைத் துண்டை வேண்டாம் என்று சொல்லலாம், இதைச் சொல்ல முடியாது. பிசெர்கா கொடுப்பது தண்ணீரில் போட்டால் பொங்கும், அவளுடைய கணவன் உயிரோடு இருந்தபோது வாங்கியதோ என்னவோ. ராட்மிலா போன வாரம் வந்து இறங்கியதும் பெட்டியைத் திறந்து, சாக்லேட், காப்பிப் பொடி, அப்புறம் என் கையில் இந்த அட்டை, இது அங்கத்துச் சரக்கு, தாரிங்கா, குதிரை வலியே போயிடும், அங்க வேலைக்குப் போறவங்க இதைப் போட்டுக்கிட்டுத்தான் பத்து மணி நேரம் நிக்கிறாங்க என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொன்னால் வெட்கம், முப்பத்தோரு வருடத்தில் என் நாத்தனார் எனக்குக் கொடுத்ததில் புத்திமதி இல்லாத முதல் பொருள் இதுதான். அப்போதே ஒன்று போட்டேன், அவள் பார்க்கப் போட்டேன், அவள் சந்தோஷப்பட்டாள். போட்டால் வலி நிற்கிறதுதான், முட்டி என்னுடையது இல்லாதது போல் ஆகிவிடுகிறது, முட்டி ஓடினால் விருந்து ஓடுகிறது, விருந்து ஓடினால் வுகாஷின் அங்கே நிமிர்ந்து நிற்கலாம். என் வலி யாருக்கு இடைஞ்சல்? எனக்கா அவர்களுக்கா? நான் நொண்டிக்கொண்டு சூப்பைக் கொண்டுபோனால் அவர்களுக்குத்தானே தொண்டையில் இறங்காது...

சூப்பை எடுத்துக்கொண்டு போகிறேன். மீன் சூப், மிளகாய்த்தூள் சிவப்பில், பெரிய பாத்திரம், கனம். கூடத்து வாசலில் ஒரு கணம் தரை பஞ்சாகிவிட்டது, மெழுகுவர்த்தி இரண்டாகத் தெரிந்தது, பிறகு ஒன்றானது, பாத்திரத்தை மேசையில் வைத்தேனா, அதுவாக இறங்கியதா தெரியவில்லை. எங்கள் கல்யாணத்துக்குச் சாட்சி நின்ற ஸ்ரெதென், வுகாஷினோடு ஒரே தொழிற்சாலையில் உழைத்தவன், மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான், ராக்கியாச் சாராயம் ஏறிய முகம், அவன்தான் முதலில், என்ன தாரிங்கா, பாதிரியார் மாவை உன் மூஞ்சியில தூவிட்டுப் போயிட்டாரா, வெள்ளையா இருக்கே என்றான், எல்லோரும் சிரித்தார்கள். நோன்புடா, அவ நம்மளை மாதிரியா, உண்மையா நோன்பிருக்கா என்றாள் பிசெர்கா. முட்டியா, என்றாள் ராட்மிலா, இன்னொண்ணு போட்டுக்கோயேன், வைச்சிருக்கேன் பாரு, அதற்குள் கைப்பை திறந்துவிட்டது. வேண்டாம் அக்கா, இப்பத்தான் போட்டேன் என்றேன். ஏன் பொய் சொன்னேன்? இதுவும் பொய்தான், போடவில்லை, காலையிலிருந்து அந்தப் பெட்டி ஏப்ரன் பையிலேயே பிரிக்காமல் இருக்கிறது, பிரிக்கக் கை வரவில்லை, முட்டி எரிகிறது, அதற்கு மேலே வயிறு, அதைவிட மேலே எங்கேயோ நெஞ்சு தடதடவென்று, மூன்று மாடி ஏறியவள் மாதிரி. வுகாஷின் எனக்கு எதிரே நின்றுகொண்டிருந்தான், கையில் குப்பி, ஒவ்வொரு குவளைக்கும் ஒரு வாழ்த்து, ஒவ்வொரு வாழ்த்துக்கும் அவனுக்கும் ஒரு சின்ன மடக்கு, என்னைப் பார்த்தான், ரொட்டி தீர்ந்துடுச்சு என்றான். அதைத்தான் பார்த்தான். என்னை அல்ல, என் கையை, கையில் ரொட்டி இல்லாததை.

குளிர்சாதனப் பெட்டியின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டால் நன்றாக இருக்கிறது. நெற்றியெல்லாம் வேர்வை, டிசம்பர் மாதத்தில், குளிர்ந்த வேர்வை. சொல்லிவிடலாமா? யாரிடம்? ராட்மிலாவிடம் சொன்னால் ஸ்லாவாவைக் கெடுத்தவள் என்று வியன்னா வரைக்கும் போகும். பிசெர்காவிடம் சொன்னால் காலையில் இல்லை என்றாயே என்பாள். மகளுக்குப் போன் செய்தால் நோர்வேயில் அவள் என்ன செய்வாள், அழுவாள். எல்லோரும் சாப்பிட்டு முடிக்கட்டும், கடைசிக் காப்பியைக் கொடுத்துவிட்டால் புரிந்துகொண்டு எழுந்துவிடுவார்கள், அந்தக் காப்பி வந்தால் போய்வாருங்கள் என்று அர்த்தம், எல்லோருக்கும் தெரியும், அதன் பிறகு ஆஸ்பத்திரி. எத்தனை நேரம் ஆகும்? ஸ்ரெதென் பாட ஆரம்பித்தால்? உள்ளே கசிகிறது என்றாளே அந்தப் பெண், கசிவது எவ்வளவு வேகத்தில் கசியும், குழாய் மாதிரியா, சுவர் ஈரம் மாதிரியா, அதை நான் கேட்கவில்லை, கேட்டிருந்தால் இப்போது நேரம் பார்க்கலாம்... காப்பிச் செம்பை அடுப்பில் வைத்தேன். செத்துப்போனால் என்ன சொல்வார்கள் என்றும் ஒரு யோசனை வந்தது, வந்ததே எரிச்சலாக இருந்தது, பாவம், ஸ்லாவா அன்னிக்கே போனாள், புனிதரே கூட்டிக்கிட்டார் என்பார்கள், அடுத்த வருடம் அதே மேசையில், அதே மீனை ராட்மிலா செய்வாள், உப்பு அதிகம் போடுவாள். இல்லை. அவனிடம் சொல்லிவிட வேண்டியதுதான். ரொட்டி கேட்டானே, வருவான்.

வந்தான். ரொட்டிக்காக வரவில்லை, காலிக் குப்பியோடு வந்தான், கதவைச் சாத்திக்கொண்டான், அது எனக்கு அப்போது விநோதமாகப் படவில்லை. நான் அவனைப் பார்க்காமல், அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"வுகாஷின், மூணு நாளா எனக்குக் கறுப்பா போகுது."

"பிளம் பழம்" என்றான்.

சட்டென்று. நான் முடிப்பதற்குள். எனக்கு எப்படி வந்தது தெரியுமா கோபம், முப்பத்தோரு வருடக் கோபமும் தொண்டைக்கு வந்துவிட்டது, ஒரு மனுஷி வாய்விட்டுச் சொல்கிறாள், என்ன ஏது என்றுகூடக் கேட்காமல் ஒரு பழத்தைச் சொல்கிறான்.

"பழம் இல்ல. நான் பழமே சாப்பிடல. ரத்தம். மாத்திரையால வயித்துல புண்ணு விழுந்து ரத்தம். மருந்துக்கடையில கேட்டாங்க, நான் இல்லைன்னு சொல்லிட்டேன்."

அவன் கதவைப் பார்த்தான். கூடத்தில் ஸ்ரெதென் ஆரம்பித்துவிட்டான், மேசையைத் தட்டிக்கொண்டு.

"இப்பவே போகணுமா? காப்பி குடுத்துடலாமே, தாரிங்கா. அரை மணி நேரம். இந்தா, அதுவரைக்கும் தாங்கறதுக்கு..." என்று கோட்டின் உள்பையில் கையை விட்டு ஒரு அட்டையை எடுத்து நீட்டினான்.

ரத்தம் என்று சொன்னவளுக்கே மாத்திரை. சிரிப்புத்தான் வந்தது. வாங்கினேன், அவன் முகத்தில் எறியத்தான் வாங்கினேன், அப்போதுதான் பார்த்தேன், இது என்னுடைய அட்டை இல்லை, ராட்மிலாவுடையதும் இல்லை, நான் வாங்காத வேறு ஏதோ டைக்ளோஃபெனாக், அதே வலி மாத்திரைக் குடும்பம், முக்கால்வாசி காலி, பிதுக்கிய குழிகள்தான் மிச்சம்.

"இது யாருது?"

"ஸ்ரெதென் குடுத்தது. அவன் முதுகுக்கு வாங்கினது."

"யார் சாப்பிட்டா இதை?"

குப்பியை மேசையில் வைக்கும் சாக்கில் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "இடுப்பு" என்றான். "முட்டைகோஸ் பீப்பாயை இறக்கினேன்ல, அக்டோபர்ல, அப்பலேர்ந்து."

"அக்டோபர்லேர்ந்தா? சொல்லவே இல்லை?"

"சொன்னா மட்டும்? ஸ்லாவா வருது. நிக்கணும்ல."

ராக்கியா வாசனை அடித்தது. அத்தனை வாழ்த்துக்கும் ஒவ்வொரு மடக்கு. இவனும் முந்தாநாளிலிருந்து எதையும் வாயில் வைக்கவில்லை, புனிதருக்கு முந்தின இரண்டு நாள் தண்ணீர் நோன்பு, அப்பா காலத்து வழக்கம். இப்போதுதான் திரும்பி முகத்தைப் பார்க்கிறேன், விளக்கு வெளிச்சத்தில், பக்கத்தில் வைத்து. சாம்பல் நிறம். உதடும் அதே நிறம். கூடத்தில் நான் வெள்ளையாக இருப்பதை எல்லோரும் பார்த்தார்களே, இவனை ஏன் ஒருவரும் பார்க்கவில்லை, இவன் எல்லோருக்கும் பின்னால் நின்றான், நாற்காலியில் இருப்பவர்கள் திரும்பிப் பார்த்தால்தான் தெரியும். எதிரே நின்றவள் நான்தான். நான் மட்டும்தான்.

"உனக்கும் கறுப்பா போகுதா?" என்றேன்.

பிளம் பழம் என்று அவன் சொல்லவில்லை. அப்படியானால் எனக்கு அவ்வளவு வேகமாகச் சொன்ன அந்தப் பதில், முடிப்பதற்குள் தயாராக வாயில் இருந்ததே... அது எனக்காகச் செய்த பதில் இல்லை, கழிவறையில் தனியாக நின்று தனக்கே சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில். அடுப்பை அணைத்தேன், காப்பி பொங்கி அடங்கியது. உட்காரு என்றேன். இன்னிக்கா என்பது போலப் பார்த்தான். உட்காருடா என்றேன், அப்படி நான் அவனைக் கூப்பிட்டதே இல்லை. உருளைக்கிழங்கு உரிக்கிற குட்டை ஸ்டூலில் உட்கார்ந்தான், உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது, முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, இப்படித்தான் இவன் இரண்டு மாதமாக உட்கார்ந்திருக்க வேண்டும், என் கண் முன்னால், சாப்பாட்டு மேசையில், கட்டில் ஓரத்தில்.

அவசர வண்டிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் குரல், அலுத்த குரல், விலாசம் கேட்டது, கூடத்துப் பாட்டைக் கேட்டு என்ன அங்க விருந்தா என்றது, ஆமாம் ஸ்லாவா என்றேன், நல்லபடியா இருங்க என்று பழக்கத்தில் வாழ்த்திவிட்டு, யாருக்கு உடம்பு சரியில்லை என்றது. ரெண்டு பேருக்கு என்றேன். கறுப்பா போகுது, ரெண்டு பேருக்கும், வலி மாத்திரை சாப்பிட்டோம், வெறும் வயித்துல. எத்தனை நாளா என்றது குரல். எனக்கு மூணு நாளா. அவருக்கு? அவருக்கு... நான் அவனைப் பார்த்தேன். ஒரே கட்டில், ஒரே கழிவறை, என்னை யார் பார்க்கிறார்கள் என்று காலையிலிருந்து எத்தனை பேர்மேல் எரிந்து விழுந்தேன் மனசுக்குள், இவனை நான் என்றைக்குப் பார்த்தேன்? ஹலோ, எத்தனை நாளா என்றது குரல் மறுபடியும். வுகாஷின் தலையை நிமிர்த்தாமல் முழங்காலிலிருந்து ஒரு கையைத் தூக்கி விரல்களை விரித்தான், ஐந்தும் விரிந்தன, நான் வாயைத் திறந்தேன், அதற்குள் அவன் மெதுவாக அடுத்த கையையும் தூக்கினான்.